லூசியானா ரொக்கத்துக்கு வாங்கப்பட்டதல்ல

1803இல் இளம் அமெரிக்கக் குடியரசு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்திருந்த லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சின் நெப்போலியனிடமிருந்து கடனின்றி, கருவூலப் பொன்னைக் கொண்டே வாங்கியதாகப் பகிரப்படும் செய்தி தவறானது. விலையான 1.5 கோடி டாலரில் 1.125 கோடிக்கு 6 சதவீத வட்டியுள்ள அரசுக் கடன் பத்திரங்களே தரப்பட்டன, எஞ்சிய 37.5 இலட்சம், அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிரான்ஸ் தரவேண்டியிருந்த தொகைகளை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டதன் மதிப்பு. அப்பத்திரங்களை வாங்கிக்கொண்டு பிரான்சுக்குப் பணம் கொடுத்தவை லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் ஆகிய வங்கி நிறுவனங்கள் ஆகும். அவ்வாண்டு மே மாதமே பிரிட்டனும் பிரான்சும் மீண்டும் போரில் இறங்கிவிட்ட நிலையில், லண்டன் நிறுவனமே எதிரி நாட்டுக்குப் பணம் கொடுத்தது என்பதுதான் விந்தை. பொதுக்கடனைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்த அமெரிக்க அதிபர் ஜெபர்சனின் ஆட்சியில்தான் இக்கடன் ஏறியது. விற்கப்பட்டதும் பெரும்பாலும் பிரான்சின் உரிமைக்கோரல் மட்டுமே. அங்கு வாழ்ந்த பழங்குடியினரிடமிருந்து நிலத்தைப் பெறப் பின்னர் தனித்தனி உடன்படிக்கைகளும் போர்களும் நடந்தன.