அதே பாட்டுகள்தான், ஆனால் வேறு ஆல்பம்

நேற்றிலிருந்து அந்தப் பதிவு மனதை விட்டுப் போகவே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுக் கிட்டார்காரர் மடூ மோக்தாரின் 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' ஆல்பத்தை "பழைய சோற்றைச் சூடுபண்ணி வைத்திருக்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான். நல்ல ரசிகர்கள் என்று நான் நினைத்த பலபேர் அதற்குப் போய் ஹார்ட் போட்டிருக்கிறீர்கள்.

சரி, அதே பாட்டுகள்தான். 2024 மே மாதம் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்த 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' ஆல்பத்துப் பாட்டுகள். ஆனால் அது வெளிவரும் முன்பே, 2023 ஜூலையில் இவர்கள் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மோக்தாரும் குழுவில் இருந்த ஊர்க்காரர்களான இரண்டு சகாக்களும் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். குடும்பமெல்லாம் அங்கே. சுற்றுப்பயணம் முடிந்த கையோடு நியூயார்க்கில் ஒரே அறையில் உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிட்டாரில் பதிவுசெய்ததுதான் இது. இதுவா பழைய சோறு?

2015 டிசம்பர் மழையின்போது நான் வெளியூரில் இருந்தேன். சென்னையில் அம்மாவின் போன் ராத்திரி முழுக்க ஸ்விட்ச் ஆஃப். டிவியில் எங்கள் பக்கத்துத் தெருவில் படகு போனது. அந்த நேரத்தில் கத்தத் தோன்றாது, குரல் தானாக உள்ளே போய்விடும். இந்த ஆல்பத்தில் எனக்குக் கேட்பது அந்தக் குரல்தான்.

'ஓ பிரான்ஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நைஜரின் ஆர்லிட் ஊரில் 1970களிலிருந்து யுரேனியம் தோண்டி எடுத்துக்கொண்டு போன நாட்டைப் பார்த்துப் பாடுகிற, சஹாரா பாலைவனத்துத் துவாரெக் இனத்துக்காரர் மோக்தார். 'ஃப்யூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் அது ஆவேசம். இடது கைக்காரர், பிக் இல்லாமல் விரலாலேயே கம்பியைப் பிய்த்து எடுக்கிறார். 'டியர்ஸ்' ஆல்பத்தில் ஆம்ப்ளிஃபையர் இரைச்சல் எல்லாம் போய், மனிதர்கள் மட்டும் மிச்சம். வேறு ஆல்பம்தான் இது, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

"இரண்டு தடவை காசு பார்க்கிறார்கள்" என்பீர்கள். பார்க்கட்டுமே! ஊர் போக முடியாமல் நின்றவர்கள். "மொழி தெரியாமல் என்ன உருக்கம்" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. "எலெக்ட்ரிக்தான் பாலைவன ராக்" என்று ஒருவர் பாடம் எடுத்தார். மாலி நாட்டுத் துவாரெக் இசைக்குழுவான டினாரிவென் 2011இல் 'டாஸிலி' ஆல்பத்தை அல்ஜீரியப் பாலைவனத்தில் போய் அக்கூஸ்டிக்காகத்தான் செய்தார்கள். அதற்குத்தான் கிராமி கிடைத்தது. அந்தக் குழுவின் இப்ராஹிம் முதலில் வாசித்த கிட்டாரே தகர டப்பாவில், சைக்கிள் பிரேக் கம்பி கட்டிச் செய்தது.

எனக்கு வலிப்பது ஆல்பம் உங்களுக்குப் பிடிக்காமல் போனது இல்லை. கேட்காமலே சிரித்தீர்கள் பாருங்கள், அது. இரண்டு 'ஓ பிரான்ஸை'யும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள். பதில் சொல்கிறேன்.