கிடை பிரிந்த வீடுகள்

சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தில் செம்மறி மந்தை ஓட்டிப் பிழைக்கும் கீதாரிக் குடும்பம் ஒன்றில் அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்வதில்லை என்றால், வீட்டுக்கு வந்த மருமகள் மீது பழியைப் போட்டுவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒருநாளும் உடன்பாடு இருந்ததில்லை. நான் அறிந்த வரையில், இத்தகைய சண்டைகள் பெரும்பாலும் தகப்பனார் உயிரோடு இருந்தபோது யாரும் வாய்திறந்து பேசாத ஒரு கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன.

சம்பா அறுவடை முடிந்ததும் இக்குடும்பங்கள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர், திருவாரூர் வயல்களுக்குச் செல்கின்றன. பகலெல்லாம் அறுத்த தாளில் மேயும் ஆடுகளை இரவில் வயலிலேயே மடக்குகிறார்கள்; இதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரமாக, அதற்கு வயல்காரர் நெல்லாகவோ பணமாகவோ கூலி தருகிறார். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து குறுவை வேலை தொடங்கினால் கிடை வெளியேற வேண்டும். இவ்வளவு மாதங்களும் குட்டிகளைக் கொடாப்பு என்னும் கூடைக் கூண்டில் கவிழ்த்துக் காப்பதும், நொண்டும் ஆட்டைத் தோளில் சுமப்பதும், கோடை மழையில் இரவு முழுவதும் நின்றுகொண்டே இருப்பதும் பல வீடுகளில் ஒரே மகனின் தலையில் விழுகின்றன. மற்றவன் படித்துக்கொண்டிருப்பான் அல்லது வளைகுடாவுக்குப் போயிருப்பான். ஆட்டோடு நடந்தவனுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. “எல்லாம் உனக்குத்தானேப்பா” என்ற தகப்பனாரின் வாய்ச்சொல் மட்டுமே அவனுக்கு வரவு.

தகப்பனார் இறந்ததும் ஆடுகளைத் தலை எண்ணி ஆளுக்குப் பாதி என்று பிரிக்கிறார்கள். நடந்தவன் தன் இளமைக்கு என்ன விலை என்று கேட்கிறான். நீலநாக்கு நோயில் பாதி மந்தை செத்த ஆண்டில் மறுபடி ஆடு வாங்கப் பணம் அனுப்பியது யார் என்று வெளிநாடு போனவன் கேட்கிறான். இருவர் கேள்வியும் நியாயமானதுதான். பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதுதான் சிக்கல்.

இந்த இரைச்சலில் தங்கையின் ஆடுகள் காணாமல் போகின்றன. கல்யாணத்தின்போது சீராகக் கொடுத்த மறிகளை, அதாவது பெட்டை ஆடுகளை, தகப்பனாரின் மந்தையிலேயே விட்டுவைப்பதும், அவை ஈனும் குட்டிகள் அவளுக்குச் சேரும் என்பதும் வீட்டுப் பேச்சு. பிரிவினை நாளில் அந்தக் குட்டிகளைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கு இணையாக மகளுக்கும் பங்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது; ஆடும் அந்தச் சொத்தில் அடக்கம். அவள் கேட்டால் சொத்துக்காகப் பிறந்தவீட்டைப் பகைத்தவள் என்ற பெயர் வரும், கேட்காவிட்டால் நல்லவள் என்ற பெயரோடு வெறுங்கையாக நிற்க வேண்டும். பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகளைப் பற்றி வருந்துகிற ஊர், இவளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஆட்டைப் பிரித்துவிடலாம், போகும் வழியையும் வயல்காரர்களின் பழக்கத்தையும் எப்படிப் பிரிப்பது? இருவரும் அடுத்த ஆண்டும் அதே ஊருக்குத்தான் போகிறார்கள், அதே வயலைக் கேட்கிறார்கள், ஒருவன் கூலியைக் குறைத்துச் சொன்னால் மற்றவன் இன்னும் குறைக்கிறான். சாலையில் இரண்டு மந்தைகளும் எதிர்ப்பட்டால் பழகிய ஆடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். செம்மறி தன் கூட்டத்து முகங்களை 2 ஆண்டு வரை மறப்பதில்லை என்று 2001இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கீதாரிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. காது அடையாளம் பார்த்து ஆட்டைப் பிரிக்கும் அந்த நேரம் முழுவதும், கூட வந்த கூலிப் பையன் வழியாகவே இருவரும் பேசிக்கொள்வார்கள்.

குலதெய்வக் கோயில் கிடாவெட்டில் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைக்கும் பெரியவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கைத் தொடாத அந்தச் சமாதானம் அடுத்த வலசை வரைகூடத் தாங்குவதில்லை. கிடை ஊர் திரும்பியதும், தகப்பனார் இருக்கும்போதே, நடந்தவனுக்கு இந்த ஆண்டுக் கூலியாக எத்தனை ஆடு, பணம் போட்டவனுக்கு எத்தனை, மகளின் மறிகள் எத்தனை ஈன்றன என்று மூவரையும் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாசத்துக்கு நடுவே கணக்கு எதற்கு என்று முதலில் கோபப்படுபவர் அநேகமாக அந்தத் தகப்பனாராகத்தான் இருப்பார். பெரியவர்கள் பேசிப் புரியவைக்க வேண்டியது அவரிடம்தான்.