அந்த நாய் லியோனார்டோ வரைந்ததல்ல

மிலானில் லியோனார்டோ டா வின்சி தீட்டிய ‘இறுதி இராவுணவு’ சுவரோவியத்தைப் பார்த்து, 1500 வாக்கில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் ஒன்று உண்டு. அதன் வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு நாய் இருப்பதால், அந்தச் சுவரோவியத்திலும் நாய் இருந்ததாகவும், 1652-ல் அந்தச் சுவரில் வாசல் வெட்டியபோது அது போய்விட்டதாகவும் சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. வாசல் வெட்டப்பட்டது சுவரின் நடுவில். அதில் போனவை இயேசுவின் பாதங்கள். நாய், அச்சுக்குச் செதுக்கியவர் தாமாகச் சேர்த்தது.

சந்தேகமிருந்தால் லியோனார்டோவைப் பின்பற்றிய ஓவியர் ஜாம்பியெத்ரினோ அந்தச் சுவரோவியத்தைப் பார்த்துத் தீட்டிய, லண்டன் ராயல் அகாடமி என்ற கலை நிறுவனத்தில் இருக்கும் பெரிய நகலை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வாசல் வெட்டுவதற்கு நூறாண்டுக்கு முன்பே தீட்டியது. இயேசுவின் பாதங்கள் முழுசாகத் தெரியும். யூதாசின் கையருகே கவிழ்ந்து கிடக்கும் உப்புக்கிண்ணம்கூடத் தெரியும், எவ்வளவு அழகான நுணுக்கம் அது! நாய் மட்டும் எங்கும் இல்லை.