ரெகுலேட்டர் பில்டரைக் கழற்றுவது பற்றி

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுழியோடுகிற தம்பிமாருக்காக ஒரு சின்னத் திருத்தம். பழைய ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தருகிற கருவி) காற்று இறுக்கமாக வந்தால், அது சிலிண்டரோடு சேருகிற இடத்தில் இருக்கிற பில்டரைக் கழற்றிவிட்டால் தாராளமாக வரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்யாதீர்கள்.

அந்தப் பில்டர் நுண்துளைகள் உள்ள ஒரு உலோகத் துண்டு. சுத்தமாக இருக்கும்வரை காற்றைத் தடுக்காது. அடைத்துக்கொண்டால் புதிது போட வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் இருக்கிற துரு நேரே ரெகுலேட்டரின் முதல் நிலை வால்வின் சீட்டில் (வால்வு அழுந்தி மூடுகிற பரப்பில்) போய் உட்காரும். 200 பார் அழுத்தத்தை ஏறக்குறைய 10 பாருக்குக் குறைக்கிற இடம் அது. அங்கே ஒரு கீறல் விழுந்தாலே காற்று நிற்காமல் பீறிடத் தொடங்கலாம்.

சோதிப்பதற்குத் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். சிலிண்டர் வால்வை முழுக்கத் திறந்து, அழுத்தமானியைப் பார்த்தபடி பலமாக மூச்சை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழும்பினால் தடை பில்டரிலோ சிலிண்டர் வால்விலோ இருக்கிறது. முள் அசையாமல் இருந்தும் இறுக்கம் என்றால் பில்டரைக் குறை சொல்ல முடியாது, சர்வீஸுக்குக் கொடுங்கள்.

அப்புறம் பில்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது (ரெகுலேட்டரை அதன் மூடியைப் போடாமல் கழுவுகிறவர்களுக்குத் தெரியும்). செம்பழுப்பு என்றால் ஸ்டீல் சிலிண்டரின் துரு. அந்தச் சிலிண்டரையும் உள்ளே திறந்து பார்க்க வேண்டும்.