நிறைவு என்றால் முடிவா?

புத்தகக் கண்காட்சியோ கோயில் சொற்பொழிவோ, கடைசி நாள் வந்தால் 'நிறைவு விழா' என்றுதான் அழைப்பிதழில் போடுகிறோம். முடிவு என்று அச்சடிக்க யாருக்கும் மனசு வராது. மங்கல வழக்கு நமக்குப் பழசு, குறை சொல்லவில்லை. ஆனாலும் போகப்போக, நிறைவு என்றாலே எதுவோ தீர்ந்துவிட்டது என்று காதில் விழத் தொடங்கிவிட்டது.

சமயங்கள் சொல்லும் நிறைவு தீராதது. ஈசாவாசிய உபநிடதத்தோடு ஓதும் சாந்தி மந்திரம், பூரணத்திலிருந்து பூரணத்தை எடுத்த பின்னும் பூரணமே எஞ்சுகிறது என்கிறது. யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்திலும் ஏறக்குறைய இதே பேச்சுதான்: அவருடைய நிறைவிலிருந்து எல்லாரும் அருள்மேல் அருள் பெற்றோம். அங்கே கிரேக்கச் சொல் 'பிளெரோமா'. சீர்திருத்த சபையாரின் பழைய வேதாகமம் அதைப் 'பரிபூரணம்' என்றது. பின்னால் வந்த பொது மொழிபெயர்ப்பு 'நிறைவு' என்றது.

இரண்டாம் நூற்றாண்டு ஞானவாதிகள் (ரகசிய ஞானமே மீட்பு தரும் என்று நம்பிய குழுவினர்), முக்கியமாக வாலண்டீனஸ் என்ற ஆசிரியர் வழிவந்தவர்கள், இதே பிளெரோமாவைத் தெய்வீக உலகத்துக்குப் பெயராக்கினார்கள். கூடவே 'ஹோரோஸ்' என்று ஓர் எல்லைக் காவலையும் வைத்தார்கள். வேலி போட்ட நிறைவு! எனக்கு அது ஒட்டவே இல்லை.

நம் பழைய 'நிறை' இன்னொரு வகை. கலித்தொகை 133இல் நல்லந்துவனார், 'நிறை எனப்படுவது மறை பிறர் அறியாமை' என்கிறார். உள்ளே இருப்பதை வெளியே சிந்தாமல் தாங்குவதுதான் நிறை. இது கடவுளுக்கான சொல்லே இல்லை, தினமும் திண்டாடும் மனுசருக்கானது. அதுவும் உடையும் என்று வள்ளுவருக்குத் தெரியும். 'நிறையழிதல்' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். நிறை என்ற கதவைக் காமம் கோடரியாக வந்து உடைக்கிறது என்று அதில் ஒரு பெண் சொல்கிறாள். கற்பைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் இந்த அதிகாரத்துப் பக்கம் வருவதே இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது ஆண்டாள்தான். திருப்பாவை 28இல் 'குறைவொன்றும் இல்லாத கோவிந்தா' என்று கூப்பிடுகிற ஆயர் பெண்கள், தங்களை 'அறிவொன்றும் இல்லாத' ஆய்க்குலம் என்கிறார்கள். எடுக்க எடுக்கக் குறையாதவன் எதிரே நிற்கிறான், கேட்டால் கிடைக்கும். மார்கழி நோன்புக்கு மாதம் முழுக்கப் பறை பறை என்று மேளத்தைக் கேட்டுவந்தவர்கள், அடுத்த பாட்டிலேயே, பறை வாங்கவா வந்தோம் என்று திருப்பிவிடுகிறார்கள்.