எட்டு வந்தால் ‘எச்’சாம்

முந்தாநாள் இரவு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம். மருமகனின் இரத்த ரிப்போட். இயோசினோபில் என்ற வெண்குழியம் 8 சதவீதம், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘எச்’, அதாவது ‘ஹை’, கூட. அடுத்த நிரலில் இயல்பு எல்லை, 1–6. “தம்பி, இது கான்சரோ?” என்று கீழே ஒரு வரி.

பிள்ளைக்கு ஒன்பது வயது. உப்புவெளி மணலில் செருப்பில்லாமல் பந்தடிக்கிறவன். காலையில் டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டுப் பூச்சி மருந்து எழுதினார். வயிற்றில் பூச்சி இருந்தால் இயோசினோபில் கூடும். “எங்கட பக்கத்துப் பிள்ளையளுக்கு இது வழமைதானே.”

வழமை என்றால் அந்தத் தாள் ஏன் பயம் காட்டுகிறது? லாப்பில் கேட்டேன். மெஷினோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.

இந்த எல்லை வருவது இப்படித்தான். குறைந்தது 120 சுகதேகிகளின் அளவுகளை வரிசைப்படுத்தி, மேலே 2.5, கீழே 2.5 சதவீதத்தை வெட்டிவிடுவார்கள். அதாவது நல்ல சுகத்தோடு இருப்பவர்களிலேயே இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஒன்றாவது பிசக 64 சதவீத வாய்ப்பு.

சரி, அந்த 120 பேர் எந்த ஊர்க்காரர்? அங்கேதான் சிக்கல். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரின் செங்குழியங்களில் டஃபி என்ற புரதம் கிடையாது. அவர்களுக்கு இரத்தத்தில், தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெண்குழியம் குறைவாகவே ஓடும், அதனால் தொற்று ஒன்றும் கூடுவதில்லை. க்ளோசபின் என்ற மனநோய் மருந்து நியூட்ரோபிலைக் குறைத்துவிடக்கூடியது. ஆனால் வெள்ளைக்காரர் இரத்தத்தில் போட்ட, மைக்ரோலீட்டருக்கு 1,500 நியூட்ரோபில் என்ற கோட்டைக் காட்டி, அந்த மருந்தை அவர்களுக்குக் கொடுக்காமல் விட்டார்கள், கொடுத்ததையும் நிறுத்தினார்கள். 2015இல்தான் அமெரிக்காவில் இவர்களுக்கென்று 1,000 என்ற கோடு வந்தது. டஃபி இல்லாதவரை வைவாக்ஸ் என்ற மலேரியா வகையும் லேசில் அண்டாது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் வாங்கியும், மலேரியாவுக்குத் தின்ற குளோரோகுயின் குளிசையின் கசப்பு என் நாக்கை விட்டுப் போகவில்லை.

ஆகவே எங்கள் இரத்தத்தை வைத்து எங்களுக்கொரு எல்லை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் மூதூரிலும் கிண்ணியாவிலும் கண்ணில் பட்ட 120 பேரைப் பிடித்துக் குத்தி எடுத்தால் சரிவராது. வயிற்றில் பூச்சி உள்ள பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் 8 என்ன, 12உம் இயல்பாகிவிடும். ஹீமோகுளோபினும் அப்படித்தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கோடு. இரும்புச்சத்துக் குறைந்த பெண்களை வைத்துச் சொந்த எல்லை போட்டால், சோகைக்கு நாங்களே நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி. மலம் பார்த்து, இரும்புச்சத்துப் பார்த்து, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் கடத்திகளை விலக்கி, அப்புறம்தான் எண்ண வேண்டும். காசு பிடிக்கிற வேலைதான், செய்யட்டும்.

அதுவரைக்கும் அவரவர் பழைய ரிப்போட்தான் நல்ல அளவுகோல். அக்காவிடம் கேட்டேன். போன வருடம் மருமகன் கை முறிந்தபோது எடுத்தது அலுமாரிக்குள் இருந்தது. இயோசினோபில் 7, அதற்கும் ‘எச்’. அன்றைக்கு எல்லோர் கண்ணும் எக்ஸ்ரேயில்.