அடுப்படி இல்லாத வீட்டிலும் யூல் வரும்

வட ஐரோப்பாவின் குளிர்காலப் பண்டிகையான யூல் நாளில் பெரிய மரக்கட்டையை எரிப்பதுதான் முக்கியம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நார்வேயின் ஒஸ்லோ நகரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அதற்கு அடுப்பே கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு டிசம்பரும் யூல் கொண்டாடுகிறோம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித் தந்தபடி, ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைச் சிவப்பு நாடாவால் கட்டி பால்கனியில் தொங்கவிடுவோம். அது பறவைகளுக்கு. போன வருடம் முதலில் வந்தது ஒரு சிட்டு. தலைகீழாகத் தொங்கியபடியே கதிரை உருவித் தின்றது. பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை!

அப்புறம் பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சி, மேலே சர்க்கரை, பட்டைத்தூள், நடுவில் ஒரு துண்டு வெண்ணெய். நாட்டுப்புறக் கதைகளில் பண்ணையைக் காக்கும் குட்டி மாய மனிதரான நிஸ்ஸேக்கும் ஒரு கிண்ணம் உண்டு. வெண்ணெய் இல்லையென்றால் அவருக்குக் கோபம் வந்துவிடுமாம், அதில் மட்டும் நாங்கள் குறை வைப்பதில்லை.

10ஆம் நூற்றாண்டில் நார்வேயை ஆண்ட ஹோகன் மன்னர் யூலைக் கிறிஸ்துமஸ் நாளுக்கு மாற்றினார் என்கிறது பழைய அரச வரலாறு. நாள் மாறியது, பெயர் மாறவில்லை. நார்வேயில் கிறிஸ்துமஸுக்கு இன்றும் யூல் என்றுதான் பெயர். ஆறு மணி நேரம்கூடப் பகல் இல்லாத அந்த நாட்களில், சன்னலில் ஒரு மெழுகுவர்த்தியாவது ஏற்றி வையுங்கள்.